டீட்டிகோன் கழகத்துக்கு ஒரு முதலாளி

என் கணவர் சிட்னியில் பிறந்து வளர்ந்தவர். கலியாணம் கட்டி சுவிஸில் நான் இருந்த டீட்டிகோனுக்கு வந்தபோது பெட்டிக்குள் ஒரு ரக்பி பந்தையும் வைத்துக்கொண்டு வந்தார். அதுவும் பதின்மூன்று பேர் ஆடுகிற ரக்பி. இங்கே பதினைந்து பேர் ஆடுகிறதே பலருக்குத் தெரியாது, இதை யார் ஆடப்போகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். மனுசன் விட்டால்தானே. கிடங்கில் தன்னோடு வேலைசெய்த தமிழ்ப் பொடியன்களையும் சில சுவிஸ்காரரையும் சேர்த்து ஒரு கழகம் தொடங்கினார். சந்தா எடுத்து, மைதான ஓரத்தில் வடையும் கேக்கும் விற்று ஓடிய கழகம். குளிரில் விறைத்தபடி வடை விற்றது வேறு யார், நான்தான். வாராவாரம் தோற்றோம். ஆனாலும் சனிக்கிழமை காலையில் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் திட்ட மனம் வராது.

பிறகுதான் பலசரக்குக் கடைகள் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் வந்து சேர்ந்தார். முதலில் ஜேர்சி வாங்கித் தந்தார். அடுத்து, ஆட்டங்களுக்குப் போய்வர ஒரு வான். அதற்கும் அடுத்து, பிரான்சிலிருந்து நல்ல ஆட்டக்காரர் சிலரைச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தார். வெல்லத் தொடங்கினோம். பொய் சொல்லக்கூடாது, வடைச் சட்டியைக் கழுவி மேலே வைத்தபோது எனக்கும் சந்தோசம்தான்.

ஒருநாள் அண்ணை வீட்டுக்கு வந்தார். "தம்பி, இவ்வளவு போடுறன். கழகம் என்ர கொம்பனியின்ர பேரில இருந்தால் எனக்கும் ஒரு பிடிப்பு இருக்கும்தானே?"

இந்த நாட்டில் இப்படியான கழகம் உறுப்பினர் எல்லாருக்கும் சொந்தம். கைமாற்றுவதென்றால் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுக்க வேண்டும். கணவருக்குத் துளியும் விருப்பமில்லை. சிறுவயதில் அவர் பார்த்து வளர்ந்த கழகம் ஒன்று பணக்காரர் ஒருவரின் கைக்குப் போனதாம். "அந்தாளுக்கு அலுத்த அண்டைக்கே எல்லாம் முடிஞ்சுது" என்றார். பொடியன்களிடமும் கதைத்தார். ஒருவர் தவறாமல் எதிர்த்துத்தான் கை தூக்குவோம் என்றார்கள்.

கூட்டத்துக்கு அண்ணை மட்டன் ரோல்சும் பற்றிசும் தேத்தண்ணியுமாக வந்து இறங்கினார். "சாப்பிடு ராசா, சாப்பிடு" என்று தானே ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தார். வாக்கெடுப்பு வந்ததும், எங்களோடு ஆடுகிற சுவிஸ்காரத் தபால்காரர் எழுந்து, இரகசியமாகத் துண்டில் எழுதிப் போடலாமே என்று கேட்டார். தலைமை தாங்கிய என் கணவர் அண்ணையைப் பார்த்தார். தேவையில்லை, நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம் என்று கணவரே சொல்லிவிட்டார்.

"விசரோ உங்களுக்கு?" என்று அவர் காதுக்குள் கேட்டேன்.

"அந்தாளை வைச்சுக்கொண்டு ஒளிச்சு எழுதினால் அவமரியாதையப்பா."

எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது தூக்கியவர்கள் மூன்றே பேர்: தபால்காரர், என் கணவர், சந்தா கட்டிய உறுப்பினர் என்ற முறையில் நான். மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையின் ரோல்சைத் தின்ற கையை அவர் முகத்துக்கு நேரே எப்படித் தூக்குவது? எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அவர்களைக் குறைசொல்லவும் முடியவில்லை.

கழகம் அண்ணையின் கொம்பனிக்குப் போனது. அவர் என் கணவரையே சம்பளத்துக்குப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். அடுத்த பருவம் நாங்கள்தான் முதலிடம். யாரும் சந்தா கட்டவில்லை, கூட்டமும் வைக்கவில்லை.

போன வசந்தத்தில் ஒரு பின்னேரம் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணையின் தொலைபேசி வந்தது. கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, சூரிச்சில ஒரு பெரிய கழகம் கேட்டது. குடுத்துப்போட்டன். எனக்கும் இனிக் கடையளைப் பாக்க வேணும்."

"என்னத்தை அண்ணை குடுத்தனீங்கள்? வானையோ?"

"வான், ஜேர்சி, போட்டியில எங்கட இடம், எல்லாம்தான்."

"அப்ப பொடியள்?"

"அவங்களையும் சேத்துத்தான் விலை பேசினது. நல்ல ஆக்கள், ஒரு குறையும் விடமாட்டினம்."

"ஓம் அண்ணை" என்றார் இவர். நன்றியும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இதுக்குப்போய் நன்றி சொல்லுறியளோ?" என்று பாய்ந்தேன்.

அவர் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நானும் அந்த விலைக்குள்ளயோ எண்டு கேக்க மறந்துபோனன்" என்றார்.