கேம்ஸ் பீரியடைத் திருப்பி வாங்கியவள்

எனக்குப் பொறுமை கிடையாது. கணக்கு டீச்சருக்கு அது தேவையும் இல்லை என்பது என் கட்சி. கேள்வி கேட்டால் விடை வர வேண்டும். வராவிட்டால் பக்கத்துப் பெஞ்சு சொல்ல வேண்டும். அதுவும் இல்லையென்றால் நானே சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, செஞ்சியில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வாய்த்த சிநேகிதியோ, ஒரு பிள்ளை தன் பெயரைச் சொல்லி முடிக்கிறவரை முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பதையே தொழிலாக வைத்திருப்பவள்.

அவள் எங்கள் பள்ளியின் பேச்சுப் பயிற்சியாளர். திக்குகிற பிள்ளைகள், சில எழுத்துகள் வாயில் வராத பிள்ளைகள், காதில் மிஷின் மாட்டிய பிள்ளைகள் எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். மேல்சித்தாமூர்க்காரி, ஜைனக் குடும்பம், இருட்டுவதற்கு முன் சாப்பிட்டுவிடுவாள். என்னைவிடச் சின்னவள், அதனால் அக்கா என்பாள். அவள் சொல்ல வருவதை நான் முந்திக்கொண்டு முடித்து வைத்தால், "அக்கா, நான் சொல்ல வந்தது அது இல்ல" என்று சிரிப்பாள். பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

அவளுக்குக் கொடுத்திருந்த அறை சமையற்கூடத்தை ஒட்டிய தகரக் கொட்டகை. கோட்டைப் பக்கமிருந்து வரும் குரங்குகள் அதன் கூரைமேல்தான் ஓடிப் பிடித்து விளையாடும். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். நேரம்தான் பிரச்சினை. பேச்சு வகுப்புக்குப் பிள்ளைகளை எந்த டீச்சரும் தன் பீரியடிலிருந்து விடமாட்டார். நானும் விட்டதில்லை. போர்ஷனை யார் முடிப்பது? மிச்சம் இருந்தது கேம்ஸ் பீரியட் ஒன்றுதான். மணி அடித்ததும் பிள்ளைகள் மைதானத்துக்குப் பாய்வார்கள். அவள் வழியில் நின்று இரண்டு மூன்று பேரை மட்டும் பிடித்துக் கொண்டுபோவாள்.

அதில் ஒருத்தி தளவானூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அப்போது இரண்டாம் வகுப்பு. நன்றாகத் திக்குவாள். பந்து என்றால் உயிர். ஒருநாள் அவள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். "எ... எப்பப் பாத்தாலும் கேம்ஸ்லயே கூப்புடுறீங்க மிஸ். நா... நா... நான் இன்னா தப்பு பண்ணேன்?"

வழக்கம்போல என் சிநேகிதி அந்த வாக்கியம் முழுதும் வருகிறவரை காத்திருந்தாள். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் வந்து இதைச் சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்கி இது தண்டனையா இருந்துகினு இருக்குதுக்கா. நானும் தெரியாம பேசு பேசுன்றேன்."

"பிரின்சிபால்கிட்ட சொல்லேன்."

"சொன்னேன். டைம் டேபிள் போடுறது பிரைமரி இன்சார்ஜ் பொறுப்பு, சீனியர் டீச்சருங்கள நான் வற்புறுத்த முடியாதுன்றாரு." பிறகு கேட்டாள்: "இன்சார்ஜ் ஆவணும்னா இன்னாக்கா பண்ணணும்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது இருக்கும் இன்சார்ஜ் ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆகிவிட வேண்டும் என்றாள். கணக்கு டீச்சர் நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இன்சார்ஜ் பதவிக்குப் பள்ளி நிர்வாகச் சான்றிதழ் வேண்டும் என்றார் தாளாளர். விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பாக அதை நடத்துகிறார்கள். விசாரிக்கப் போனபோது நானும் கூடப் போனேன். என் அம்மா வீடு அங்கேதான், வாராவாரம் போகிறவள்தானே. அலுவலகத்தில் இருந்தவர் இவளுடைய பட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க டீச்சர் இல்லியேம்மா, பயிற்சியாளர்தானே? ரூம்ல ஒக்காந்து பேச வைக்கிறதெல்லாம் வகுப்பு எடுத்த கணக்குல வராது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். இவள் என் முழங்கையைத் தொட்டுவிட்டு அவரிடம், "சரிங்க சார். எது எது இருந்தா சேத்துக்குவீங்க?" என்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவர் பி.எட். என்றார். இவள் பேசவில்லை. வகுப்பில் பாடம் நடத்திய அனுபவம் என்றார். இவள் பேசவில்லை. அவரே தொடர்ந்தார்: பி.எட். படித்துக்கொண்டே வகுப்பும் எடுக்கலாம், பிரின்சிபால் எழுதித் தந்தால் போதும். அதன்பிறகு இங்கே சேர்ந்தால், படிக்கும் வருஷத்தில் ஓர் இன்சார்ஜின் கீழ் பழக வேண்டும். கடைசியில் நீங்கள் நடத்தும் கூட்டம் ஒன்றை எங்கள் ஆள் வந்து பார்ப்பார்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "சண்ட போட்டிருந்தா பி.எட்.டோட நிறுத்தியிருப்பாருக்கா. மீதி வழி நமக்குத் தெரிஞ்சிருக்காது."

அன்றிலிருந்து நான் அவளை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். தொலைநிலைக் கல்வியில் பி.எட். சேர்ந்தாள். பிரின்சிபாலிடம் கேட்டு, இருக்கிற வேலைக்கு மேல் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தாள். அதற்கென்று சம்பளம் ஏறவில்லை. அவள் கேட்கவும் இல்லை, நான்தான் அவளுக்காகவும் சேர்த்துப் புலம்பினேன். பி.எட். முடிந்த கையோடு விழுப்புரம் வகுப்பில் சேர்ந்தாள். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வரும் பஸ்ஸில் மேற்குப் பக்கத்துச் சன்னல் சீட்டாகப் பார்த்துப் பிடிப்பாள். வெளிச்சம் இருக்கும்போதே டிபன் டப்பாவைத் திறந்து மடியில் வைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொள்வாள். நான் பக்கத்தில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்பேன். பள்ளி வாகன விதி, சத்துணவு, விடுப்பு விதி என்று வரிசையாகச் சொல்வாள். எனக்குத் தலை சுற்றும்.

அந்தப் பெண் அதற்குள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இன்னமும் கேம்ஸ் பீரியடில் கொட்டகையில்தான் இருந்தாள். இவள் அந்த வகுப்பை முடிந்தவரை சுருக்கமாக எடுத்துவிட்டு அனுப்பிவிடுவாள். ஆனால் அதற்குள் மைதானத்தில் டீம் பிரித்திருப்பார்கள்.

கடைசிக் கட்டம், கூட்டம். ஆசிரியர் கூட்டம் ஒன்றை இவள் நடத்த வேண்டும், விழுப்புரத்திலிருந்து வரும் அதிகாரி பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தவறினால் மறுபடி அடுத்த வருஷம்தான். எதைப் பற்றிக் கூட்டம் என்று கேட்டேன். பேச்சு வகுப்புக்கு நேரம் என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? ஆண்டு விழானு வை. ஆளாளுக்குப் பேசுவாங்க, கூட்டம் களைகட்டும். இதுக்கு ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

"தெரியுங்க்கா. இத நடத்த முடியலன்னா அந்த சர்ட்டிபிகேட் வாங்கி இன்னா பண்ணப் போறேன்?"

கூட்டத்தன்று டீ வந்தது, பிஸ்கட் வந்தது. அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தார். இவள் எழுந்து, கேம்ஸ் பீரியடில் பேச்சு வகுப்பு வைப்பது ஏன் சரியில்லை என்று சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பெண் வாசலில் நின்று கேட்ட கேள்வியையும் சொன்னாள். பிறகு, "யாரு யாரு பீரியட்ல வச்சுக்கலாம்? நீங்களே சொல்லுங்க" என்று நிறுத்தினாள்.

ஒருவரும் பேசவில்லை. தமிழய்யா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். இங்கிலீஷ் மிஸ் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். பிரின்சிபால் ஏதோ சொல்ல முன்னால் சாய்ந்தார், இவள் அவரை மரியாதையாக ஒரு பார்வை பார்த்தாள், அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். இவளோ கொட்டகையில் பிள்ளைகள் எதிரில் உட்கார்ந்திருப்பதைப் போலவே நின்றுகொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல்.

எனக்கு வேர்த்துவிட்டது. அவளுடைய இந்த வித்தை எனக்குத் தெரியும், விழுப்புரம் அலுவலகத்துக்காரர் அதில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் பொறுக்க முடியவில்லை. கூட்டம் நடத்தத் தெரியவில்லை என்று அந்த அதிகாரி எழுதிவிடுவாரே!

"யம்மா தாயே, என் பீரியட எடுத்துக்கோ! செவ்வாக்கிழமை எடுத்துக்கோ, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. "சரிங்க்கா. செவ்வாய், கணக்கு" என்றாள். பிறகு, "வேற?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் நின்றாள். எனக்கு அவளை அங்கேயே கிள்ள வேண்டும்போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தமிழய்யா, "வியாழக்கிழமை என்னுதுல வச்சுக்கம்மா" என்றார். இங்கிலீஷ் மிஸ் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது என்பதற்குக் காரணம் சொன்னார், அதையும் இவள் கடைசிவரை கேட்டாள். கூட்டம் முடிந்ததும் அதிகாரி அவளிடம், "அந்த அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தீங்களா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். வழக்கம்போல நான் முந்திக்கொண்டேன். "சொல்லி வச்சிருந்தா நான் மீட்டிங்குக்கே வந்திருக்க மாட்டேன் சார்."

சான்றிதழ் வந்தது. எங்கள் பள்ளியில் பாடம் நடத்தாத ஆளாக வேலைக்கு வந்து இன்சார்ஜ் நாற்காலிக்குப் போனவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவ்வளவு பெருமை. ஸ்டாஃப் ரூமில் நான்தான் அவளைவிட அதிகமாகப் பீற்றிக்கொண்டேன். ஓய்வுபெற இருந்த இன்சார்ஜ் டைம் டேபிள் வேலையை முன்கூட்டியே அவளிடம் கொடுத்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு டெர்ம் பாக்கி இருந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் என் வகுப்பிலிருந்து எழுந்து பேச்சு வகுப்புக்குப் போனாள். திரும்பி வந்தபோது பின்னக் கணக்கு முடிந்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே அவளுக்காக மறுபடி போட்டேன்.

அன்று கடைசி பீரியட் கேம்ஸ். மணி அடித்ததும் அந்தப் பெண் பழக்கதோஷத்தில் நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றாள். சிநேகிதியும் நானும் உள்ளே இருந்தோம்.

"இங்க இன்னா பண்ற?" என்றாள் இவள்.

"இ... இன்னிக்கி கேம்ஸ் மிஸ்."

"ஆமா. கேம்ஸ்தான். அப்புறம் ஏன் இங்க நிக்கிற?"

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு ஓடினாள். டீம் பிரிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் மைதானத்திலிருந்து எல்லாக் குரலுக்கும் மேலாக அவள் குரல் வந்தது. "எனக்கு, எனக்கு, எ... எனக்குப் போடு!"

"திக்குறாளா, அவசரத்துல கத்துறாளா?" என்று கேட்டேன்.

நான் பதிலை முந்திக்கொள்ளவில்லை. சிநேகிதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கண் நிறைந்திருந்தது.

"அங்க எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தாங்க்கா கத்துதுங்க" என்றாள்.