வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்

வாசலோரம் கிடந்த நீல பிளாஸ்டிக் நாற்காலியில் என் மாமனார் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த காலைகளை என்னால் மறக்க முடியாது. மறதி நோய் முற்றிய பிறகு, விடிந்ததும் அதில் போய் உட்காருவார். குளிக்கவும் எழ மாட்டார், சாப்பிடவும் எழ மாட்டார். கையைப் பிடித்தால் உதறுவார். மாமியாருக்கு முட்டிவலி, அவரைத் தூக்கிவிட முடியாது. கணவர் ஆறு மணிக்கே காட்டுப்பள்ளிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். எனக்குக் கம்பெனி பஸ் ஏழு மணிக்கு. ஒரே மாதத்தில் ஐந்து முறை பஸ்ஸை விட்டேன். சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பேசாம வேலைய உட்டுடு" என்று கணவர் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்மிடிப்பூண்டியில் பதினோரு வருஷம் கால்கடுக்க நின்று சம்பாதித்த நல்ல பெயரை ஒரு நாற்காலிக்காக விடுவதா? அந்தக் கோபத்தில் மாமனாரையே திட்டியிருக்கிறேன். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்திலிருந்து கேப்டன் வந்தார். மாமனார் வாலிபத்தில் ஆடிய கபடி டீமுக்கு அவர்தான் கேப்டன். எண்பதை நெருங்கியும் ஊரில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, அறுத்த வயலில் கோடு போட்டு ஆடியது, திருப்பாச்சூரில் தோற்றுவிட்டு லாரியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பியது என்று பேசிக்கொண்டே போனார். மாதக்கணக்கில் வாய் திறக்காத மாமனார், "அந்த நெட்டையன் கால வாரிட்டான்டா" என்றார். மாமியார் முட்டிவலியை மறந்து எழுந்து வந்தார். கேப்டன் மட்டும், மாமனார் உட்கார்ந்திருந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்து, கை முட்டி மேல், கண் வீட்டுக்குள்ளே.

"இன்னாம்மா, இதுகூடவா தெரில? அவுட்டாயி வெளிய குந்திக்கினு கீறான். நம்ம ஆளு போயி எதிராளியத் தொட்டுட்டு வந்தாதான இவன் உள்ள வர முடியும்? நீ கையப் புடிச்சு இழுத்தா வருவானா?"

சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டினார். "டேய், பாயிண்டு வந்துட்ச்சி. உள்ள வா."

மாமனார் எழுந்தார். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். குளிக்கக் கூட்டிப்போனபோது என் கையை உதறவில்லை.

மறுநாள் காலை அதேபோல நான் கூப்பிட்டேன். அசையவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு ரெய்டு போனது?" என்றார். கேப்டன் இதைச் சொல்லித்தரவில்லையே என்று முழித்தேன். மணி ஆறே கால்.

"நான்தான் மாமா."

"பாடிக்கினு போறப்போ மூச்சு உடலியே?"

"உடல மாமா."

எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் நான்தான் ரெய்டு போகிறேன். பஸ்ஸையும் விடுவதில்லை. கேப்டன் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருக்கிறது. மாமனாருக்கு நான் மருமகள் என்பதே மறந்துபோய்விட்டது. டீமில் புதிதாகச் சேர்ந்த யாரோ. வலிக்காமல் இல்லை. கல்யாணமான புதிதில், பொம்பளை கம்பெனிக்குப் போகக்கூடாது என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசியபோது, "அந்தப் பொண்ணு போவட்டும்" என்று ஒரே பேச்சில் முடித்து, என்னை பஸ் ஏற்றிவிட்டவர் அவர். நேற்று இட்லியைத் தின்று முடித்தவர், நான் யாரென்று தெரியாமலே, "நேரமாவுதில்ல, நீ போ. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கும்மிடிப்பூண்டி வரும்வரை அழுதுகொண்டே போனேன்.