மரகதம் அக்கா இரண்டாவது வண்டியைப் பார்க்கவில்லை

மாரடைப்பு இல்லை, டெங்கு. சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாரடைப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மரகதம் அக்காவுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எட்டாம் நாள் முடிந்துவிட்டது. வயது நாற்பத்து மூன்று.

செய்தி வந்தபோது நான் திருத்தணி ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்காக நின்றிருந்தேன். போன் செய்தவர் பாஷா பாய். டிராக்டர் கடையில் எங்கள் இருவரோடும் வேலை பார்த்த மெக்கானிக்.

"டேய் தினேசு, மரகதம் பூட்சுடா."

"எந்த மரகதம், பாய்?"

"உனக்கு எத்தினி மரகதம்டா தெரியும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அம்மையார்குப்பத்தில் அவர் வீட்டுத் தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் தறிச் சத்தம் இல்லை. பந்தலில் முனிரத்தினம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கனகம்மாசத்திரம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர். எங்கள் கடையில் மினி டிராக்டர் வாங்கி, அதனால் இடது காலில் இரண்டு விரலை இழந்தவர். கால் அப்படியிருந்தும் வந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "தங்கமான பொம்பள. ஊர்ல எல்லாருக்கும் வண்டி பாத்துக் குடுத்தா. என் விசயத்துலதான் கண்ணு தப்பிடுச்சு. என்னா பண்றது."

நான் அவருக்குப் பின்னால் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். எழுந்து மாலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் விவசாயிகள் சங்கத்துச் செயலாளர் கூப்பிட்டு, "மாச இதழுக்கு அந்தம்மாவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுப்பா, நீதான கூட இருந்தவன்" என்றார். எழுதுகிறேன். ஆனால் நல்லதாக நாலு வார்த்தை மட்டும் எழுதினால் முனிரத்தினம் அண்ணன் பந்தலில் சொன்னது அப்படியே நின்றுவிடும். அக்காவுக்குக் கண் தப்பவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அதற்கு முதலில் அவர் எப்படி வண்டி பார்ப்பார் என்று சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

பாலிடெக்னிக்கை மூன்றாவது செமஸ்டரில் விட்டுவிட்டு நான் அந்தக் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தேன். அக்கா பில் போட வந்தவர். பாஷா பாயோடு வண்டிகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வேலை கற்றதில், எந்த வண்டியையும் வெளியே விடுமுன் சோதிக்கிற வேலை அவர் கைக்கு வந்துவிட்டது. நான் சேர்ந்த முதல் வாரம் ஒருவர் வந்து, "இது வாங்கலாமாம்மா?" என்று கேட்டார். அக்கா தலையை நிமிர்த்தாமல், "அரக்கோணம் ரோட்டுக் கடைல இருக்கிறத பாத்துட்டியா நைனா?" என்றார்.

"இல்லீங்க."

"போய்ப் பாத்துட்டு வா. அத பாக்காம இத பாத்தா, ஒலகத்துலயே இதுதான் வண்டின்னு தோணும்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, நீ எனக்கு வேல செய்யறியா, அவனுக்கா?" என்று கத்தினார். அக்கா, "வருவாருங்க" என்றார். அந்த மனிதர் நாலு நாள் கழித்து வந்தார், தம்பியையும் கூட்டிக்கொண்டு. எல்லாரும் இப்படி வரவில்லை. வராதவர்களைப் பற்றியும் அக்கா கவலைப்பட்டதில்லை. எனக்குத்தான் வயிறு எரியும்.

அவர் வண்டி பார்க்கிற விதம் எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. பானட்டைப் பார்க்க மாட்டார். நேராக முன் அச்சுக்குப் போவார். வெல்டிங் ஓரத்தை விரலால் தடவுவார், புடவைக் கரையைத் தடவுகிற மாதிரி. மட்கார்டு மேல் ஏறி நிற்பார். "இதும்மேலதான் உன் பொண்டாட்டி உக்காந்து வரும், நசுங்கக் கூடாது இல்ல?" என்று வாங்க வந்தவரிடம் கேட்பார். கியர் பெட்டி எது கனம், எது லேசு என்று இரண்டு கடை வண்டிக்கும் சொல்வார். எங்கள் வண்டியில் மட்டமாக இருப்பதையும் சொல்வார். "பெயிண்டுக்கு காசு குடுக்காத. இரும்புக்கு குடு." எல்லாரும் டீசல் எவ்வளவு குடிக்கும் என்றுதான் கேட்பார்கள். அக்கா, "அத அப்பறம் கேளு. நின்னுபோச்சுன்னா சாமான் வர எத்தினி நாளாவும், அத கேளு மொதல்ல" என்பார்.

ஆர்.கே.பேட்டைப் பக்கம் கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஒருவர் பெரிய வண்டிதான் வேண்டும் என்று நின்றார். பக்கத்து நிலத்துக்காரர் பெரியது வாங்கிவிட்டாராம். "உன் மரம் எத்தினி அடிக்கு ஒண்ணு?" என்றார் அக்கா. அவர் கையை விரித்துக் காட்டினார். "அப்போ பெரிய வண்டி உள்ள பூந்தா திரும்பறதுக்கு உன் பக்கத்து நெலத்துக்காரன் வேலிய ஒடைக்கணும். ஒருவேள அதுக்குத்தான் வாங்குறியா?" அவரே சிரித்துவிட்டார். சின்ன வண்டிதான் வாங்கிப் போனார். அந்தப் பெரிய வண்டியை நான் பேசிப் பேசி முக்கால்வாசி விற்றிருந்தேன். இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

கடைசிச் சோதனைதான் முக்கியம். பின்னால் மாட்டுகிற ரோட்டவேட்டரை, அதாவது மண்ணைப் பொடியாக்கும் கத்திகள் உள்ள சாதனத்தை, முழு உயரத்துக்குத் தூக்கி வைப்பார். எஞ்சினை நிறுத்துவார். தரையிலிருந்து எத்தனை சாண் என்று அளப்பார். பிறகு எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ குடிப்பார், மெதுவாக. வந்து மறுபடி அளப்பார். ஒரு விரல்கடை இறங்கியிருந்தாலும் அந்த வண்டி வெளியே போகாது. தூக்கிப் பிடிக்கிற ஹைட்ராலிக் சரியில்லை என்று அர்த்தம். ஒரு வண்டிக்கு ஒரு டீ. இரண்டு வண்டி என்றால் இரண்டு டீ. சேர்த்துப் பார்க்கவே மாட்டார்.

"என்னாக்கா, கடைய டீக்கடைல நடத்தலாம் போல?" என்பேன்.

"நடத்தலாம். உன்ன மட்டும் உள்ள விடக்கூடாது."

சோதனை முடிந்தால் அந்த வண்டியின் தாளில் 'ம' என்று ஒரே எழுத்து போடுவார். கையெழுத்து அதுதான்.

இனி என் கதை.

நம் ஊரில் புது வண்டி வாங்கினால் திருத்தணி முருகன் மலைக்குப் போகாமல் வீட்டுக்குப் போகாது. மலைப்பாதையில் ஏற்றி, கோயில் முன்னால் நிறுத்தி, சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் அது உங்கள் வண்டி. அதற்கு அப்புறம் யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். "முருகனுக்குக் காட்டின வண்டிய வேணான்னு சொல்றதா?" என்பார்கள். குறை தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். இது விற்பனைக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் அக்கா சோதிக்காத வண்டியை மலைக்கு விடமாட்டார். "மலையேறிட்டா என் பேச்சு செல்லாதுடா" என்பார்.

முனிரத்தினம் அண்ணன் இரண்டு மாதம் யோசித்தார். எங்கள் கடைக்கும் அரக்கோணம் ரோட்டுக் கடைக்கும் மாறி மாறி நடந்தார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் ஒரு பக்கம் இது, ஒரு பக்கம் அது என்று எழுதி வைத்திருந்தார். மல்லி வரிசைக்கு நடுவில் நுழைகிற அகலம், அச்சு, சாமான் கிடைக்கிற இடம், எல்லாம். அவ்வளவு ஜாக்கிரதையான மனிதர். கடைசியில் எங்கள் வண்டியைத்தான் எடுப்பதாக ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மலையில் பூசை முடிய வேண்டும்.

அன்றைக்கு ஒரே மாதிரி வண்டி இரண்டு நின்றன. ஒன்றை அக்கா பார்த்துவிட்டார், டீயும் குடித்துவிட்டார். அது முந்தின நாளே வேறொருவர் பேசி வைத்தது. இரண்டாவதை ஆரம்பிக்கும்முன் முதலாளி உள்ளே கூப்பிட்டார், ஏதோ பில் தகராறு. மணி ஒன்பதேகால். முனிரத்தினம் அண்ணன் மாலையும் பழமுமாக நின்றார்.

"தம்பி, அந்தம்மா பாத்துட்டாங்களா?"

"ஆங், பாத்துட்டாங்கண்ணா. ஏறுங்க."

தாளை எடுத்து 'ம' போட்டேன். அவர் போடுவது போலவே வந்தது.

அவசரத்தில் தெரியாமல் செய்தேன் என்று சொல்லலாம். பொய். முந்தின நாள் சாயங்காலம் அந்த இரண்டாவது வண்டியின் ரோட்டவேட்டரை நானே தூக்கி நிறுத்திவிட்டுப் போனேன். காலையில் கடையைத் திறந்தபோது அது தரையில் உட்கார்ந்திருந்தது. பார்த்தேன். மாதக் கடைசி, விற்றாக வேண்டிய கணக்கில் எனக்கு ஒரு வண்டி குறைந்தது. அக்கா பார்த்தால் இன்றைக்குப் போகாது, போகாவிட்டால் இந்த ஆள் மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டு அரக்கோணம் ரோட்டுக்குப் போவார். மலையேற்றிவிட்டால் முடிந்தது. இதுதான் என் மனதில் ஓடியது.

மூன்று வாரம் கழித்து, மழை விட்ட ஒரு நாள், கத்தியில் சுற்றிய கோரையை எடுக்க முனிரத்தினம் அண்ணன் ரோட்டவேட்டரைத் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தார். அது சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறது. கால் மாட்டிக்கொண்டது.

செய்தி கடைக்கு வந்ததும் முதலாளி அந்த வண்டியின் தாளை எடுத்து மேசை மேல் போட்டார். 'ம' இருந்தது. அக்கா அந்த எழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரல் இறங்கியிருந்தது.

"டேய், அன்னிக்கு நான் ரெண்டு வண்டியும் பாத்தனாடா? எனக்கு ஞாபகம் வரமாட்டுது."

மூன்று வாரம். அதற்குள் எத்தனையோ வண்டிகள். நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. அவருக்கு என் மேல் சந்தேகம் வரவில்லை, தன் மேல்தான் வந்தது.

"ரெண்டும் பாத்தீங்கக்கா," என்றேன்.

"டீ குடிச்சனா?"

"ஆங். குடிச்சீங்க."

அதோடு அவர் வண்டி பார்ப்பதை விட்டுவிட்டார். யாரும் விலக்கவில்லை. முதலாளிகூட இரண்டு நாள் கத்திவிட்டு மறந்துவிட்டார். வாங்க வந்தவர்கள் கேட்டால், "எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா, பாய கேளு" என்பார். கண்ணுக்கு ஒன்றுமில்லை. பில் மேசையில் ஆறு மாதம் இருந்தார். பிறகு வேலையை விட்டு வீட்டோடு போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கடைக்கு வந்த உங்களுக்கு வண்டி பார்த்துச் சொன்னவர்கள் என் மாதிரி ஆட்கள்தான். எது கனமான இரும்பு, எது வெறும் பெயிண்ட் என்று சொல்ல ஆளில்லாமல் போனது என்னால்.

நானும் அங்கே நிற்கவில்லை. செல்போன் கடை, பார்சல் வண்டி, சென்னையில் ஒரு கிடங்கு. எங்கேயும் ஒரு வருடம் தாண்டவில்லை.

போன வருடம் சோளிங்கர் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைத்து, "வாடா, இன்னும் எவன் தலைலயாவது எதையாவது கட்டிகினுதான் இருக்கியா?" என்று சிரித்தார். வீட்டு விஷயமெல்லாம் பேசினார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு வண்டின்னு சொன்ன இல்ல? நானும் யோசிச்சி யோசிச்சி பாக்கறேன். எனக்கு ஒரு டீதான்டா ஞாபகம் இருக்குது."

அவர் குற்றம் சாட்டவில்லை. இரண்டு வருடமாக அந்த ஒரு காலையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். "ஒரு டீதான்க்கா" என்று நான் சொல்லியிருந்தால் போதும். மூன்று வார்த்தைகூட இல்லை. "என் ஸ்டாப்பு வந்துடுச்சுக்கா" என்று எழுந்தேன். என் ஸ்டாப் இன்னும் நாலு ஊர் தள்ளி. இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ரோட்டில் நின்றேன்.

அவரிடம் இனிமேல் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்கிறேன். மரகதம் அக்கா இரண்டாவது வண்டியைப் பார்க்கவில்லை. பார்த்த எந்த வண்டியிலும் அவருக்குக் கண் தப்பியதில்லை. அந்தத் தாளில் இருப்பது என் கை.

இப்படி எழுதும்போது, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இது, நான் வைத்திருப்பது இது என்று ஏதாவது சொல்லி முடிப்பார்கள். என்னிடம் அவருடையது ஒன்றுதான் இருக்கிறது. 'ம' என்ற எழுத்தை இப்போதும் அவர் போடுவது போலவே போடுவேன். கை மறக்கவில்லை. அவர் கொடுத்ததில்லை, நான் எடுத்தது.

இதழ் அச்சாகி முனிரத்தினம் அண்ணன் கைக்குப் போக இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். அவர் இதைத் தாளில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. காலையில் போன் செய்தேன்.

"அண்ணா, தினேசு பேசறேன். டிராக்டர் கடைல இருந்தனே."

"சொல்லு. புது வண்டி எதனா விக்கறியா? நமக்கு வேணாம்பா, சாமி."

"இல்லண்ணா. அந்தப் பழைய வண்டி விசயம். நேர்ல வந்து சொல்லணும்."

"பூ எட போட்டு முடிய பத்து மணி ஆவும். அதுக்கு மேல வா. சாப்டாம வராத, வீட்ல யாரும் இல்ல."

மணி இப்போதே ஒன்பதரை. கனகம்மாசத்திரம் போகிற பஸ் புறப்பட நிற்கிறது, டிரைவர் ஏறிவிட்டார். நான் போகணும்.