அஷ்டமியன்று தூங்கிய சர்வர்

எங்கள் வீட்டில் பதினேழு சுவிட்சுகள். ஆள் இல்லாத அறையில் ஓடும் மின்விசிறியை எழுந்து போய் அணைப்பது, கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய உத்தியோகம். அதனால் என் மகள் தன் வேலையை விளக்கியபோது பாதியிலேயே புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கிளவுட் என்று பெயரே தவிர, எங்கோ ஒரு கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள்தான். சர்வர் என்கிறார்கள். வேண்டியபோது வாடகைக்கு எடுக்கலாம், வேண்டாதபோது விட்டுவிடலாம். கூட்டம் வந்தால் இன்னும் இரண்டு எடு, கூட்டம் போனால் ஒன்றை விடு என்று அவள் விதிகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதி வைத்துவிடுவாள். அதன் பிறகு யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. விதியே பார்த்துக்கொள்ளும். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. என் முழங்கால் வலி அந்த விதிக்குக் கிடையாது.

சென்னைக் கம்பெனி வேலையை அவள் வீட்டு மாடியிலிருந்தே செய்துவந்தாள். அதோடு எங்கள் பக்கத்து விவசாயிகள் குழுவுக்கும் ஓர் ஆப் செய்து கொடுத்திருந்தாள். அறுப்பு மிஷின் வேண்டுமென்றால் புரோக்கரைத் தேடி அலையாமல் போனிலேயே பதிந்துகொள்ளலாம். யாருக்கு எந்த நாள் என்று வரிசைப்படி வந்துவிடும். திருவிடைமருதூரைச் சுற்றி நிறையப் பேர் அதில்தான் பதிந்தார்கள். சர்வர் வாடகை கட்டுப்படியாகவில்லை, கொஞ்சம் சுருக்கிக் கொடு என்று குழுவில் கேட்டார்கள். அவள் விதிகளை இறுக்கினாள். கடைசி விதி இது: இரண்டு நாள் தொடர்ந்து ஒரு பதிவும் வரவில்லை என்றால் அறுவடை முடிந்தது என்று எடுத்துக்கொள், எல்லா சர்வரையும் விட்டுவிடு, அறுவடை முடிந்தது, இனிப் பதிவு இல்லை என்று போன் திரையில் பலகை மாட்டு.

தப்பான விதி என்று சொல்ல முடியாது. குறுவை அறுப்புக் கணக்கை வைத்துச் சோதித்துத்தான் போட்டாள். குறுவையில் மழை தலைக்கு மேல் நிற்கும், கிடைத்த நாளில் அறுப்பார்கள். இரண்டு நாள் இடைவெளி என்ற ஒன்றே அந்தக் கணக்கில் இல்லை. சம்பா அப்படியில்லை. தை மாத வெயிலில், நிதானமாக, நாள் பார்த்து அறுப்பார்கள்.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, அப்படிப் பார்ப்பவன். ஆற்றங்கரை ஓரம் பள்ளமான நிலத்தில் மூன்று ஏக்கர் சம்பா போட்டிருந்தான். கதிர் முற்றிச் சாய ஆரம்பித்திருந்தது. மூன்று நாளில் மழை என்று போனில் செய்தி வந்தபோது அவன் எங்கள் வீட்டில்தான் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"இப்பவே மிஷினுக்குப் பதிஞ்சிடுப்பா" என்றேன்.

"இன்னிக்கு அஷ்டமிங்க அத்தான்."

"அறுக்கவா சொன்னேன்? பதியத்தானே சொல்றேன்."

"பதியறதும் ஆரம்பிக்கிறதுதானுங்களே. கறுப்புச் சட்டைக்காரர் மாதிரி பேசாதீங்க. தை மாசத்துல எங்க மழை வரப்போவுது."

"உங்கப்பா எந்த அஷ்டமி பார்த்தாரு?"

"எங்கப்பாவும் உங்கப்பாவும் ஊரான் வயல்ல அறுத்தாங்க. கூப்பிட்ட அன்னிக்குப் போனாங்க. நான் என் வயல்ல அறுக்கறேன்."

நிலம் எங்களுக்கு வந்தபோது நல்ல நாளும் கூடவே வந்துவிட்டது. அதுவரை அது நிலத்துக்காரர்களிடம் இருந்தது. மறுநாள் நவமி. அன்றும் அவன் பதியவில்லை. அவன் மட்டுமல்ல, ஒருவரும் பதியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தசமி காலையில், நான் செய்தித்தாளை விரிப்பதற்குள், போனைக் கையில் நீட்டிக்கொண்டே வந்தான்.

"பாப்பா எங்க? இது என்னமோ அறுவடை முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது. எவன் வயல்ல முடிஞ்சுது?"

மகளின் போன் அதற்குள் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பதினொன்று வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். மாடிக்கு ஏறிப் போனால், திரையைப் பார்த்தபடி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, திரும்பப் போட்டாப் போச்சு."

"போட்டுட்டேன்ப்பா. போடப்போட அணையுது. அந்த விதி ரெண்டு நாளைத் திரும்பிப் பாக்குது. யாரும் வரல, அணைங்குது. இப்ப வாசல்ல இத்தனை பேர் நிக்கறாங்களே, அது அதுக்குத் தெரியல. பலகையைப் பாத்துட்டுத் திரும்பிப் போறவங்களை அது கணக்குலயே எடுத்துக்காது."

படியில் நின்றபடி என் மனைவி சொன்னாள்: "ஒரே ரத்தம்தானே. அப்பாவுக்கும் பொண்ணுக்கும் அணைக்கத்தான் தெரியும். அன்னிக்கு நான் குளிச்சிட்டிருக்கும்போதே பாத்ரூம் லைட்டை அணைச்சவருதான் இவரு."

யாரும் சிரிக்கவில்லை. மகள் முதலில் அந்த விதியை நிறுத்தினாள். பிறகு சர்வர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து ஓடவிட்டு, பழைய பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துப் பலகையைக் கழற்றியபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதற்குள், பதிவே இல்லை என்று சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் இரண்டு அறுப்பு மிஷின்கள், பெல்ட் வண்டிகள், முத்துப்பேட்டைப் பக்கம் கிளம்பிப் போயிருந்தன. சேற்றில் இறங்கக்கூடியவை அந்த வண்டிகள்தான். மைத்துனன் வயலுக்கு டயர் வண்டி ஆகாது.

அவன் காலையிலிருந்து அந்த அறையில்தான் இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

"பாப்பா, நான் விடிஞ்சதுமே அமுக்கினேன். என் பேரைக் கொஞ்சம் மேல போட்டுடு."

"மாமா, காலைல யாரு யாரு அமுக்குனாங்கன்னே எனக்குத் தெரியாது. உங்களை மேல போட்டா யாரைக் கீழ தள்றேன்னும் தெரியாது."

"என் மடியில உக்காந்துதான் காது குத்திக்கிட்ட."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சா சரி."

அவள் மேலே போடவில்லை. அவன் எல்லோரையும்போலத் திரும்பப் பதிந்தான். பெல்ட் வண்டி அவனுக்கு மூன்றாம் நாள் என்று வந்தது. என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். மேற்கே மேகம் இருந்தது. யார் பக்கம் நின்றாலும் இன்னொருவரை விடவேண்டிய இடத்தில், வயதானவனுக்கு ஜன்னல் ஒரு வசதி.

மழை செய்தியில் சொன்னபடியே வந்தது. அவன் முறை வரும்போது வயலில் கணுக்கால் தண்ணீர். கதிர் படுத்துவிட்டது. பெல்ட் வண்டியே இரண்டு இடத்தில் சிக்கியது. கிடைத்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்தான். ஈரப்பதம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை. அதில் ஒரு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. "பாப்பா சாப்பிடட்டும்" என்று மட்டும் சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போனான். கோபமா, மாமன் முறையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சோறு கொஞ்சம் கறுப்பாக, மக்கிய வாடையோடு இருந்தது. மகள் அந்த மூட்டை தீரும் வரை அதையே சாப்பிட்டாள்.

குழுவில் ஒருவர், விதிக்குள் பஞ்சாங்கத்தை ஏற்றிவிடலாமே என்றாராம். அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றாள். "நாளைக்கு ஊர்ல ஒரு சாவு விழும்ப்பா. அன்னிக்கும் யாரும் பதிய மாட்டாங்க. அதை எந்தப் பஞ்சாங்கத்துல தேடுவேன்?" கடைசியில் அவள் செய்தது சின்ன மாற்றம்தான். தையிலிருந்து பங்குனி வரை விதி தானாக எதையும் முழுதாக அணைக்கக் கூடாது. ஊரில் உள்ள ஓர் ஆளைக் கேட்டுவிட்டு அணைக்க வேண்டும். எப்போதும் வீட்டிலேயே இருக்கிற ஆள் யார் என்று பார்த்து, என் போன் எண்ணைக் கொடுத்துவிட்டாள்.

இப்போது மறுபடியும் தை. முந்தாநாளிலிருந்து பதிவு இல்லை, அணைக்கலாமா என்று அது கேட்கிறது. வேண்டாம் என்று அமுக்குகிறேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்கிறது. குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பதினேழு சுவிட்சையும் அணைத்துக்கொண்டு திரிந்தவனுக்கு அணைக்காதே என்று சொல்வதே வேலையாகிவிட்டது. அதுவும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

இன்று அஷ்டமி. எதிரே மைத்துனன் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். அவன் வயல் சாய ஆரம்பித்துவிட்டது. என் போன் மணியடித்தது.

"என்னங்க அத்தான், கேக்குதா?"

"கேக்குது."

"முழிச்சிருக்கச் சொல்லுங்க."

"நீ ஒருத்தன் இப்பப் பதிஞ்சா அது என்னைக் கேக்கவே கேக்காது."

அவன் தம்ளரை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தான். அவன் போன் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் வேண்டாம் என்று அமுக்கினேன்.