பின்பக்கம் பார்ப்பவர்

மெஹர் நிஷா எந்தக் காகிதத்தையும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, மகள் ஆஃபீஃபாவின் மார்க் ஷீட்டானாலும் சரி, முன்பக்கம் அப்புறம்தான். "மெனு கார்டையாவது ஆடிட் பண்ணாம ஆர்டர் பண்ணேன்" என்பார் கணவர் யாசின். அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்து கம்பெனியில் பதினெட்டு வருடமாகப் பதிவேடுகளைச் சோதிக்கிற மெஹர் நிஷா சும்மா விடுவாரா? "முன்பக்கத்த எல்லாரும் உஷாராத்தான் எழுதுவாங்க. பின்பக்கத்ததான் மறந்துடுவாங்க" என்பது அவர் கட்சி.

வக்கீல்கள் மேல் வரும் புகாரை வக்கீல்களே விசாரித்தால் யார் நம்புவார்கள்? அதனால் அந்தப் புகார்களுக்கான விசாரணைக் குழுவின் மூவரில் ஒருவர் வக்கீல் அல்லாத வெளியாள். சம்பளமில்லாத அந்த நாற்காலிக்கு மெஹர் நிஷா தானே மனுப் போட்டு வந்து சேர்ந்தார். குழுவின் வக்கீல்கள் இருவரும் சட்டம் பேசும்போது வாயைத் திறக்கமாட்டார். காகிதம் வந்தால் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

போன மாதம் வந்த புகார் நஞ்சுண்டன் என்ற சமையல்காரருடையது. அவருடைய விசா நீட்டிப்பு மனுவை வக்கீல் கடைசித் தேதிக்குள் போடவில்லை. குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டிய நிலை. தவறு வக்கீலுடையது என்று இங்கே நிரூபணமானால்தான், மனுவை மறுபடி எடுக்கச் சொல்லி விசா அலுவலகத்தைக் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

"ஒரு போன்கூட வரலீங்க. நானாக் கூப்டாலும் அப்பறம் பேசறேன்னு வெச்சிருவாருங்க" என்றார் நஞ்சுண்டன். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கினார். வக்கீல் அசரவில்லை. 2023 மார்ச்சில் மூன்று முறை போன் செய்து தேதியை நினைவுபடுத்தியதாகவும், நஞ்சுண்டன்தான் ஆவணங்களைத் தரவில்லை என்றும் சொல்லி, அன்றன்றே எழுதி வைத்த குறிப்புகளின் நகலை நீட்டினார். தேதி, மணி, கையெழுத்து எல்லாம் கச்சிதம். குழுவின் மற்ற இருவரும் தலையாட்டிவிட்டார்கள். நஞ்சுண்டனின் முகம் செத்துப்போயிற்று.

"ஒரிஜினல் ப்ளீஸ்" என்றார் மெஹர் நிஷா.

வக்கீலின் கோப்பிலேயே இருந்தது. வாங்கினார், திருப்பினார். பிரிண்டரில் வீணான தாள்களின் பின்பக்கத்தில் எழுதித் தொலைத்திருந்தார் மனிதர். மூன்றாவது தாளின் மறுபக்கத்தில் அவர் ஆபீஸின் கிறிஸ்துமஸ் விருந்து அழைப்பு பாதி அச்சாகியிருந்தது. ஆண்டு 2024. மெஹர் நிஷா தாளை வக்கீல் பக்கம் தள்ளி, அந்த ஆண்டின்மேல் விரலை வைத்தார்.

புகார் வந்த பிறகு எழுதியவைதான் என்று வக்கீல் ஒப்புக்கொள்ள நான்கு நிமிடம் ஆயிற்று. அடடா, அந்த நான்கு நிமிடத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! தவறு வக்கீலுடையதே என்று மூவரும் ஒருமனதாக அறிவித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் நஞ்சுண்டன் மேஜைமேல் கவிழ்ந்து அழுதுவிட்டார்.

வெளியே லிஃப்ட் அருகே கைகூப்பி நின்றார். "மேடம், நீங்க மட்டும் இல்லீனா..."

புகார் கொடுத்தவரோடு குழுவினர் தனியே பேசக்கூடாது. "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, நான் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு, முட்டிவலியோடு மாடிப்படியில் இறங்கினார் மெஹர் நிஷா. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மேலும் கீழும் எட்டிப் பார்த்தார். ஆள் இல்லை. முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து விட்டார்.