பூட்டினவளுக்கு இல்லாத இருக்கை

இரண்டையும் ஒன்றாக்கினால் பலம் கூடும் என்று சொன்னவர்களின் முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் வடமேற்கில் இருந்த படைத்தளத்தில் பகுதிநேர ஹெலிகொப்டர் அணிகள் இரண்டு இருந்தன. ஸ்குவாட்ரன் என்பார்கள். கிழமை நாட்களில் எல்லோரும் வேறு வேறு வேலை செய்கிற ஆட்கள். விமானிகளில் ஒருவர் பல் வைத்தியர், இன்னொருவர் வீடு விற்கிறவர். நான் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிழமைநாள் பின்னேரமும் வார இறுதிகளும் சீருடையைப் போட்டுக்கொண்டு ஹெலியைக் கழற்றிப் பூட்டுகிறவளாக மாறிவிடுவேன்.

எங்கள் கட்டிடத்து அன்ரி ஒருவர் லிப்ட்டில் வைத்து அம்மாவிடம் கேட்டார்: "ஹெலிக்குப் பயந்து ஓடி வந்த பிள்ளை இஞ்ச ஹெலி கழுவப் போகுதாமே?" அம்மா வாய் திறக்க முதலே பதிலை நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

உண்மையில் அதற்காகத்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் தலைக்கு மேல் நின்று சுட்ட அந்தச் சாமானுக்குள் என்னதான் இருக்கிறது, எது அதை மேலே பிடித்து வைத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்ற ஆத்திரம். குடியுரிமை கிடைத்த அடுத்த மாதமே விண்ணப்பித்தேன். அப்பா என்னோடு கொஞ்சக் காலம் பேசவில்லை. அவருக்கு வோபர்னில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருக்கும்போதும் அந்தச் சத்தம் ஆகாது. ஆஸ்பத்திரி ஹெலி போனால் டிவியை அப்படியே விட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத கொரிடோரில் போய்ச் சுவரோடு குந்திவிடுவார். தலை தானாகக் குனிந்துவிடும்.

எங்கள் ஸ்குவாட்ரனில் ஒரு வழக்கம் இருந்தது. ஹெலியில் பெரிய திருத்தம் செய்தால், அது முதல் தடவை எழும்பும்போது பூட்டினவரும் விமானிக்குப் பக்கத்தில் ஏறி இருக்கவேண்டும். உன் வேலையில் உனக்கு நம்பிக்கை இருந்தால் ஏறு, இல்லையென்றால் இன்னொருமுறை பார் என்று அர்த்தம். ஆனால் பறக்கலாம் என்று கையொப்பம் வைக்கும் உரிமை உள்ளவருக்குத்தான் அந்த இருக்கை. எனக்கு அந்த உரிமை வர ஒரேயொரு வேலை மீதி இருந்தது. ஒரு ஹெலியின் வால் விசிறியை நானே கழற்றி நானே பூட்டவேண்டும்.

இதை ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, நீ பிழை விட்டால் நீயும் சேர்ந்துதான் விழுவாய்?"

"ஓம்."

"நல்ல வழக்கம் தான்." கோப்பையைக் கீழே வைத்தார். "ஏறுற அண்டைக்குச் சொல்லு பிள்ளை. வெளியில வந்து நிண்டு பாக்கிறன்."

ஹெலிச் சத்தத்துக்குச் சுவரோடு குந்துகிற மனிதன் வெளியில் வந்து அண்ணாந்து பார்க்கிறேன் என்றார். அதற்குப் பிறகு அந்த இருக்கை எனக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடம் விழித்துக்கொண்டது. செலவைக் குறைக்கவேண்டுமாம். இரண்டு ஸ்குவாட்ரன்களும் ஒன்றாகுமாம். ஒன்றானது ரொறன்ரோவை விட்டு வடக்கே, பஸ் எட்டிப் பார்க்காத ஒரு தளத்துக்குப் போகுமாம். ஒருவருக்கும் ஒரு நட்டமும் வராது என்றார்கள். ஒன்றாக்குவது என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, எங்களுடையதை மூடி மற்ற ஸ்குவாட்ரனுக்குள் ஊற்றினார்கள். அதுதான் நடந்தது. பொறுப்புக்கு வந்த மேஜர் அவர்களுடைய ஆள்.

சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று பேசக் கூட்டம் வைத்தார்கள். தோளில் எந்தச் சின்னம் இருப்பது, பழைய படங்களை எந்தச் சுவரில் கொழுவுவது, பிரியாவிடைச் சாப்பாட்டுக்கு என்ன எடுப்பது எல்லாம் பேசினார்கள். சிவப்புத் துணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் கை உயர்த்தினேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் படங்கள்தான்.

சிவப்புத் துணி எங்களுக்குப் பெரிய விஷயம். ஒரு ஹெலியில் வேலை முடியாமல் இருந்தால், விமானி கையில் பிடிக்கிற தடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவோம். கட்டினவர்தான் அவிழ்க்கவேண்டும். மற்ற ஸ்குவாட்ரனிலும் அதே தடியில் அதே சிவப்புத் துணியைத்தான் கட்டுவார்கள். ஆனால் அவர்களுக்கு அது, தடி காற்றில் ஆடாமல் கட்டி வைக்கிற வெறும் கட்டு. விமானி வந்து தானே அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு கிளம்புவார். வேலை முடியவில்லை என்று காட்ட அவர்கள் ஹெலியின் மூக்கில் ஒரு பலகை கொழுவுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வால் விசிறியைப் பூட்டினேன். கடைசி நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, அளந்து இறுக்குகிற சாவியைத் தேடினால் காணவில்லை. ஒன்றாக்கிய புண்ணியத்தில் எங்கள் சாவிகளெல்லாம் அவர்களுடைய கொட்டகைக்குப் போயிருந்தன. தடியில் துணியைக் கட்டிவிட்டு எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது.

என்னுடைய ஹெலி. உள்ளே அவர்களுடைய விமானி, மடியில் என் துணி. வேலைப் பதிவேடுகூட அந்த மாதம் இரண்டு அலுவலகங்களில் கிடந்தது. அவர் தன் அலுவலகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று வந்து ஏறியிருக்கிறார். சாவியை எறிந்துவிட்டு ஓடினேன். ஹெலிக்கு முன்னால் போய் நின்று, தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே பிடித்தேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். பாவம், அவரில் பிழை இல்லை. அவர் பழகினதை அவர் செய்தார். நான் பழகினதை நான் செய்தேன்.

மேஜர் என்னைக் கூப்பிட்டார். மூக்கில் ஏன் பலகை கொழுவவில்லை என்று கேட்டார்.

"எங்களிடம் பலகையே இல்லை, சேர்" என்றேன். "கூட்டத்தில் கேட்டேன். நீங்கள் அடுத்த கூட்டம் என்றீர்கள்."

குரல் உயர்ந்திருக்கவேண்டும். என் பக்கத்தில் நின்ற எங்கள் சார்ஜன்ட் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவருக்கு வடக்கே ஒரு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள், எனக்காகப் பேசுவதைவிடச் சப்பாத்தைப் பார்ப்பது அவருக்கு லாபம். விமானிக்கு ஒன்றும் இல்லை, யாருக்கும் நடக்கக்கூடிய தவறு என்றார் மேஜர். எனக்கு மட்டும் புதிய தளத்தில் முதலிலிருந்து பயிற்சி. அதுவரை கையொப்ப உரிமை கிடையாது. அங்கே எனக்குப் பஸ் இல்லை என்றேன். கார் ஒன்று வாங்கலாமே என்றார், ஏதோ பால் வாங்கச் சொல்வதுபோல.

இதைப் பற்றி வைத்த விசாரணை முடியும்வரை அந்த ஹெலியை அசைக்கவில்லை. முடிந்தபோது தளத்தை விட்டுப் போகும் நாளும் வந்துவிட்டது. நான் பூட்டிய நட்டுகளை அவர்களுடைய ஆள் ஒருவன் அந்தச் சாவியால் இறுக்கிவிட்டுக் கையொப்பம் வைத்தான். முதல் தடவை எழும்பும்போது அவனே ஏறுவான் என்றும், அப்படியே மற்ற ஹெலிகளோடு வடக்கே போய்விடும் என்றும் சொன்னார்கள். எங்கள் வழக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். என்னை மட்டும் எடுக்கவில்லை.

பிரியாவிடைக்குக் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, வரவேண்டாம் என்றேன்.

"வாறன் எண்டு சொன்னனான் தானே" என்றார்.

இரண்டு பஸ், ஒரு சப்வே மாறி, கோட்டும் கம்பளித் தொப்பியுமாக வந்தார். கம்பி வேலி ஓரமாக என் பக்கத்தில் நின்றார். பேச்சுகள் நடந்தன. பலம் கூடும் என்று மேஜர் இன்னொருமுறை சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள், எங்கள் சார்ஜன்டும் தட்டினார். பிறகு ஹெலிகள் ஒவ்வொன்றாக இரைந்தன. அப்பாவின் கை வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. குந்தப் போகிறார் என்று நினைத்து அவருடைய தோளைப் பிடித்தேன். அவர் குந்தவில்லை.

"எது பிள்ளை உன்ர?"

காட்டினேன். அது எழும்பி, எங்கள் தலைக்கு மேலேயே ஒரு வட்டம் அடித்தது.

"அப்பா, அதில நான் இல்லை."

"தெரியும். நீ பூட்டினது தானே. உது விழாது."

அது வடக்கே ஒரு புள்ளியாகிப் போகும்வரை அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிய, ஹெலிச் சத்தத்துக்கு அவர் தலை குனியாத ஒரே நாள் அதுதான். அன்றைக்கு நான்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.