கடைசி வரியில் இருந்த விஷயம்

எங்கள் ஓடைப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வருகிறவர் மழை, கிணற்றுத் தண்ணீர், மாட்டின் சினை எல்லாம் பேசி முடித்து, எழுந்து செருப்பை மாட்டும்போதுதான் வந்த விஷயத்தைச் சொல்வார். இழவு சொல்ல வருகிறவர்தான் நின்ற காலிலேயே சொல்லிவிட்டுப் போவார். முனைவர் பட்ட ஆய்வேட்டையும் நான் அந்தப் பழக்கத்திலேயே எழுதித் தொலைத்தேன். எல்லாப் பத்தியிலும் விஷயம் கடைசி வரியில் கிடந்தது.

"என்னம்மா இது, கதாகாலட்சேபமா? பத்தியோட முதல் வரியில விஷயம் வரணும். மத்ததெல்லாம் அதுக்கு ஆதாரம். இதுகூடத் தெரியாம ஆராய்ச்சிக்கு வந்துட்ட!" என்று என் நெறியாளர் மற்ற மாணவர்கள் முன்னால் தாள்களை மேசையில் எறிந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதுதான் இன்னும் எரிச்சல்.

அவர் அதிகம் திட்டியது திராட்சை விலை பற்றிய பத்தியை. அதன் கடைசி வரி, தோட்டங்களில் பழம் வெட்டப் போகும் என் அம்மா சொன்னது. "வெயிலடிச்சா யாவாரிக வெலை பேசுறாக. மேகம் கூடிருச்சுன்னா பேச்சே இல்ல, அவுக சொல்றதுதான் வெலை. மழை விழுந்தா பழம் வெடிச்சிருமே, ஆத்தா." என் ஆய்வே அந்த ஒன்றுதான். அதைத் தூக்கி முதலில் வைத்தேன். எந்தத் தோட்டத்தில், எந்த மழைக்கு முன்னால், என்ன விலைக்குப் போனது என்று கீழே அடுக்கினேன். நெறியாளர் வாங்கிப் படித்தார், தன்னிடமே வைத்துக்கொண்டார்.

சமர்ப்பிக்கும் முன் ஆய்வேட்டைக் கணினியில் போட்டு, எங்கிருந்தாவது எடுத்து எழுதியதா என்று பார்ப்பார்கள். திராட்சை விலை அத்தியாயம் முழுக்கச் சிவப்பாக வந்தது. நான் காப்பியடித்தேனாம்! யாரிடமிருந்து என்று பார்த்தால், என் நெறியாளர் தன் பெயரில் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை. என் பத்திகள், ஒரு சொல் மாறாமல்.

அடப்பாவி மனுஷா! நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், இது நான் எழுதினது."

அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கட்டுரை முந்தி வந்திருச்சேம்மா. என் பேரைப் போட்டு மேற்கோள் காட்டிரு, சிவப்பு போயிரும். கடைசியில கையெழுத்து நான்தானே போடணும்?"

வீட்டில் வந்து அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அவுக எந்தத் தோட்டத்துல நின்னு பார்த்தாக?" என்றாள்.

எனக்குப் பட்டம் வேண்டியிருந்தது. அம்மா சொன்ன வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, அவர் பெயரை நானே தட்டச்சு செய்தேன்.